கறுப்புப் பக்கம் கீழே

2012ஆம் ஆண்டு ஏப்ரல் 17. ஃப்ளோரிடாவில் அப்போது காலை ஏழு மணி. நமக்கு மாலை நாலரை. விட்டுவிட்டு வந்துகொண்டிருந்த இணைய ஒளிபரப்பின் முன் அமர்ந்திருந்தோம். கென்னடி விண்வெளி மையத்தின் ஓடுபாதையிலிருந்து போயிங் 747 விமானம் ஒன்று தயங்கித் தயங்கி எழுவதுபோல் எழுந்தது. அதன் முதுகில் டிஸ்கவரி விண்ணோடம் இருந்தது. எஞ்சின்கள் இருக்க வேண்டிய பின்புறத்தைக் கூம்பு வடிவ மூடியொன்று மறைத்திருந்தது. தான் எத்தனையோ முறை கிளம்பிப்போன கடற்கரையின்மேல் ஒருமுறை தாழப் பறந்துவிட்டு அது வடக்கே திரும்பியது.

மூன்று மணி நேரத்துக்குள் வாஷிங்டன் நகரின்மேல், ஏறத்தாழ 1,500 அடி உயரத்தில், அந்த விசித்திரமான இரட்டை உருவம் வட்டமிட்டது. நாடாளுமன்றக் குவிமாடத்தையும் நினைவுத் தூணையும் தாண்டி அது போனபோது புல்வெளியிலும் கூரைகளிலும் நின்றவர்கள் கைகளைத் தூக்கினார்கள். அலுவலக நேரத்தில் ஒரு தலைநகரமே வெளியே வந்து வானத்தைப் பார்த்தது. நமக்கு அது வேற்றுநாட்டு அரசின் ஓய்வுபெற்ற வாகனம். அதில் நமக்கு எந்த உரிமையும் இல்லை. ஆயினும் கண் கலங்கியது என்பதை மறைப்பதற்கில்லை.

எதற்காகக் கலங்கினோம் என்று பின்னர் பலமுறை யோசித்ததுண்டு. அப்போது கிடைத்த விடைகள் எவையும் நிறைவளிக்கவில்லை. 2025ஆம் ஆண்டில் இதே டிஸ்கவரியை இடம்பெயர்ப்பது பற்றிய வழக்கு எழுந்த பிறகு, அந்தக் கேள்விக்குத் தள்ளிப்போடாமல் விடை சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

முதலில் அந்தக் காட்சியின் முரணைச் சொல்ல வேண்டும். தொழிலில் இருந்த காலத்தில் விண்ணோடத்தை யாரும் நின்று நிதானமாகப் பார்த்ததில்லை. மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீட்டர் வேகத்தில், 90 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றிய பொருள் அது. ஏவுதளத்துக்கு அருகே கூடியவர்களுக்குக் கிடைத்தது இரண்டு நிமிட நெருப்பு, பிறகு புகை. அதன் இறக்கையின் கோட்டையும் மூக்கின் கருமையையும் வெயிலில், தலைக்கு மேலே, மெல்ல நகரக் கண்டது அது பறக்கும் ஆற்றலை இழந்த பிறகுதான். சுமந்துகொண்டிருந்த விமானமும் இளையதன்று. நாசா 905 என்று எண்ணிடப்பட்ட அது, ஒரு பயணிகள் விமான நிறுவனத்திடமிருந்து 1974இல் வாங்கப்பட்டது. கலிஃபோர்னியாவில் தரையிறங்க நேர்ந்த ஓடங்களை ஃப்ளோரிடாவுக்குத் திருப்பிக் கொண்டுவருவது அதன் அன்றாட வேலை. ஓடத்தைப் பொருத்தும் இடத்தில், அதன் முதுகில், ஊழியர்கள் ஒரு குறிப்பு எழுதிவைத்திருந்தார்கள். ஓடத்தை இங்கே பொருத்தவும், கறுப்புப் பக்கம் கீழே இருக்கட்டும் என்பது அதன் சாரம். பல கோடி டாலர் பெறுமானமுள்ள ஒன்றைத் தலைகீழாக வைத்துவிடாதீர்கள் என்ற அந்தக் குறும்பு நமக்கு மிகவும் பிடிக்கும். இக்கட்டுரைக்குத் தலைப்பையும் அதுவே தந்தது. காரணத்தைப் பின்னால் சொல்கிறோம்.

விண்ணோடம் என்ற சொல்லை முதலில் ஆக்கியவர் எவரோ, நல்ல செவி உடையவர். ஆங்கிலப் பெயர் தறியில் இங்குமங்கும் ஓடும் நாடாவைக் குறிப்பது. தமிழில் அது ஓடமாயிற்று. கப்பலுக்குப் போர் உண்டு, புயல் உண்டு, காவியம் உண்டு. ஓடத்துக்கு இக்கரை, அக்கரை. நாள்தோறும் ஆளேற்றி இறக்குவதுதான் தொழில். 1972 ஜனவரி 5ஆம் நாள் அதிபர் நிக்சன் இத்திட்டத்தை அறிவித்தபோது அமெரிக்கா கனவு கண்டதும் அதைத்தான். விண்வெளிப் பயணம் அன்றாடமாகும், செலவு சரியும் என்றார்கள். ஆண்டுக்கு ஐம்பது முறைக்குமேல் பறக்கும் என்றுகூடத் தொடக்கக் கணக்குகள் சொல்லின. ஓர் ஆண்டில் அதிகபட்சமாக நடந்த பயணங்கள் 9, அது 1985இல். 1981 ஏப்ரல் 12 முதல் 2011 ஜூலை 21 வரை முப்பது ஆண்டுகளில் மொத்தம் 135. கக்காரின் பறந்ததன் இருபதாவது ஆண்டு நிறைவு நாளில் ஜான் யங்கும் ராபர்ட் கிரிப்பனும் கொலம்பியாவில் ஏறியபோது, அந்த ஊர்தி அதற்குமுன் ஆளில்லாமல் ஒருமுறைகூட விண்வெளிக்குச் சென்று வந்ததில்லை. அத்துணிச்சலை வியப்பதா, அஞ்சுவதா என்று இன்றும் தெரியவில்லை.

கனவு ஏன் சுருங்கியது என்பது நீண்ட கதை. பணம் குறைக்கப்பட்டது. முழுவதும் மீண்டும் பயன்படும் அமைப்பு கைவிடப்பட்டு, தூக்கியெறியும் எரிபொருள் தொட்டியும் திட எரிபொருள் உந்திகளும் வந்தன. விமானப்படைக்குப் பெரிய உளவுக் கோள்களை ஏற்ற வேண்டியிருந்ததால் சரக்கறை 18 மீட்டர் நீளமாயிற்று, இறக்கைகளும் பெருத்தன. ஏறத்தாழ 24,000 வெப்பத் தடுப்பு ஓடுகளை ஒவ்வொன்றாக ஒட்டவும், ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் ஆராயவும் வேண்டியிருந்தது. இவற்றுக்கெல்லாம் மேலாக ஒன்று: முந்தைய கலங்களில் மனிதர்கள் ஏவுகணையின் உச்சியில் இருந்தார்கள். விண்ணோடத்தில் தொட்டியின் விலாவில் தொங்கினார்கள். மேலிருந்து எது உதிர்ந்தாலும் அது ஓடத்தின்மேல் விழும். பக்கத்தில் எது வெடித்தாலும் தப்ப வழியில்லை. பின்னால் நேர்ந்தவை அனைத்துக்கும் இந்த விலாவில் விடை இருக்கிறது.

இத்தனை குறையோடும் அது செய்தவை சிறியன அல்ல. டிஸ்கவரியை மட்டுமே எடுத்துக்கொள்வோம். 1984 ஆகஸ்டில் தொடங்கி 2011 மார்ச் 9ஆம் நாள் முடிய 39 பயணங்கள்; கூட்டிப் பார்த்தால் 365 நாட்கள், சரியாக ஓர் ஆண்டு, விண்ணில். 1990 ஏப்ரலில் ஹப்பிள் தொலைநோக்கியைச் சுற்றுப்பாதையில் விட்டது டிஸ்கவரிதான். அத்தொலைநோக்கியின் ஆடி பிழையாகத் தீட்டப்பட்டிருந்ததைக் கண்டு உலகம் சிரித்ததும், 1993 டிசம்பரில் எண்டெவரில் சென்றவர்கள் அதற்குக் கண்ணாடி அணிவித்ததுபோல் திருத்தி வந்ததும் பலருக்கு நினைவிருக்கும். பழுதுபார்க்கப் போகக்கூடிய ஊர்தி ஒன்று இருந்ததால்தான் அந்தப் பழுது வரலாறாயிற்று; இல்லையேல் அது வெறும் குப்பை. 1994இல் முதல் ரஷ்ய விண்வெளி வீரராக செர்கெய் கிரிகலேவ் அமெரிக்க ஓடத்தில் ஏறியது டிஸ்கவரியில். 1995இல் விண்ணோடத்தைச் செலுத்திய முதல் பெண்ணாக எய்லீன் காலின்ஸ் அமர்ந்ததும் அதில்தான். 1998இல் 77 வயது ஜான் க்ளென் இரண்டாம் முறை விண்வெளி கண்டதும் அதே ஓடத்தில். சரக்கறை நிறையச் சுமந்துசென்ற பகுதிகளைக் கொண்டு பன்னாட்டு விண்வெளி நிலையத்தைக் கட்டியதில் இந்த ஓடங்களின் பங்கை விரித்தால் இடம் போதாது.

இவற்றை எண்ணித்தான் வாஷிங்டன் கைதட்டியது. அதில் தவறில்லை. ஆனால் 747இன் முதுகில் வெள்ளைப் பக்கம் மேலே, கறுப்புப் பக்கம் கீழே. நெருப்பைத் தாங்கிய வயிறு விமானத்தோடு ஒட்டிக்கிடந்தது. அந்தப் பக்கத்தைப் பற்றிச் சில பத்திகள் பேசியாக வேண்டும்.

1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் கிளம்பிய 73ஆம் நொடியில் சிதைந்ததும், பள்ளி ஆசிரியை கிறிஸ்டா மெக்காலிஃப் உள்ளிட்ட எழுவர் இறந்ததும் தெரிந்தவை. திட எரிபொருள் உந்திகள் யூட்டா மாநிலத்தில் துண்டுகளாகச் செய்யப்பட்டு ரயிலில் வந்து ஃப்ளோரிடாவில் பொருத்தப்பட்டன. பொருத்துவாய்களை அடைத்தவை ரப்பர் வளையங்கள். குளிரில் ரப்பர் விறைக்கும். விறைத்தால் இடைவெளியை அடைக்காது. முந்தைய இரவு உறைநிலைக்குக் கீழே போனது. உந்தியைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள் ஏவ வேண்டாம் என்று அன்றிரவே தொலைபேசியில் வாதாடினார்கள். அவர்கள் கையில் சான்றாக இருந்தது என்ன என்பதைத்தான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். ஓராண்டுக்கு முன்னர், 1985 ஜனவரியில், அதுவரை இல்லாத குளிரில் ஏவப்பட்ட ஒரு பயணத்தில், மீட்கப்பட்ட உந்திகளின் வளையங்களைத் தாண்டிக் கரி படிந்திருந்தது. சூடான வாயு கசிந்து, ஏதோ புண்ணியத்தில் நின்றுபோயிருக்கிறது. அன்று பறந்த ஓடம் டிஸ்கவரி.

எனவே சேலஞ்சரின் நோய் முதலில் டிஸ்கவரிக்கு வந்தது; அது பிழைத்துக்கொண்டது. பிழைத்ததையே நலத்துக்குச் சான்றாகக் கொண்டார்கள். விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் ஒரு கோப்பைப் பனிநீரில் ரப்பர் வளையத்தின் துண்டை அமிழ்த்திக் காட்டிய காட்சி புகழ்பெற்றது. அதைவிட முக்கியமானது அறிக்கையின் பின்னிணைப்பாக அவர் எழுதியது. ஓடம் அழியும் வாய்ப்பை மேலாளர்கள் 100,000க்கு ஒன்று என்று மதிப்பிட்டிருந்தார்கள். பணிபுரிந்த பொறியாளர்கள் 100க்கு ஒன்று என்றார்கள். முடிவில் கணக்கு 135க்கு இரண்டு என்று வந்தது. பொறியாளர்களும்கூடச் சற்று நம்பிக்கையாளர்களாகவே இருந்திருக்கிறார்கள்.

பதினேழு ஆண்டுகள் கழித்து அதே கதை வேறு உருவில் திரும்பியது. 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா கிளம்பிய 82ஆம் நொடியில், தொட்டியின்மேல் பூசியிருந்த காப்பு நுரையின் ஒரு துண்டு பெயர்ந்து இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதியது. ஒரு கிலோவுக்கும் குறைவான எடை. நுரை உதிர்வது முன்பும் நடந்ததுதான். பராமரிப்புப் பட்டியலில் அது ஒரு வரியாகிவிட்டிருந்தது. சேதத்தைப் பார்க்க உளவுக் கோள்களைக் கொண்டு படமெடுக்கச் சொல்லி பொறியாளர்கள் கேட்டார்கள். ஒருமுறையல்ல, மூன்று முறை. படம் எடுக்கப்படவில்லை. பிப்ரவரி 1 அன்று திரும்பும் வழியில் டெக்சஸ் வானில் கொலம்பியா கிழிந்தது. ஹரியானாவின் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லாவும் இஸ்ரேலின் முதல் விண்வெளி வீரர் இலான் ரமோனும் அந்த எழுவரில் அடங்குவர். அன்று மாலை நம் வீடுகளில் தொலைக்காட்சிக்கு முன் நின்றவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மென்மையான நுரை எப்படிக் கடினமான இறக்கையைத் துளைக்கும் என்று கேட்டவர்களுக்காக அவ்வாண்டு ஜூலையில் டெக்சஸின் சான் அன்டோனியோவில் ஒரு சோதனை நடத்தினார்கள். அதே வேகத்தில் நுரைத் துண்டை இறக்கைத் தகட்டின்மேல் சுட்டார்கள். ஓர் ஆளின் தலை நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தது.

இரண்டு அழிவுகளுக்குப் பின்னும் முதலில் பறக்கப் பணிக்கப்பட்டது டிஸ்கவரி: 1988 செப்டம்பரிலும் 2005 ஜூலையிலும். இரண்டாவது முறை தொட்டியிலிருந்து மறுபடியும் ஒரு பெரிய நுரைத் துண்டு பெயர்ந்தது. நல்லவேளையாக ஓடத்தில் படாமல் போயிற்று. அந்தப் பயணத்தில்தான், எய்லீன் காலின்ஸின் கையில், விண்வெளி நிலையத்தின் அருகே ஓடம் முதன்முறையாகக் குட்டிக்கரணம் போட்டுத் தன் கறுப்பு வயிற்றை நிலையத்திலிருந்தவர்களின் ஒளிப்படக் கருவிக்குக் காட்டியது. ஓடுகளின் இடுக்கிலிருந்து துருத்திக்கொண்டிருந்த இரண்டு பட்டைகளை ஸ்டீஃபன் ராபின்சன் வெளியே சென்று கையாலேயே பிடுங்கினார். இருபத்துநான்கு ஆண்டுகள் பறந்த பிறகுதான் ஓடத்தின் வயிற்றைப் பார்க்க வேண்டும் என்ற வழக்கம் ஏற்பட்டது என்பதை நினைக்கையில் கோபம் வருகிறது.

ஆகவே டிஸ்கவரியை வெற்றியின் சின்னம் என்று கொண்டாடுவது பாதி உண்மைதான். அது உயிர் பிழைத்த ஓடம். தன் உடன்பிறப்புகள் இரண்டைக் கொன்ற இரண்டு நோய்களையும் தானும் அனுபவித்து, தற்செயலாகத் தப்பி, அவை விட்டுப்போன வேலையைத் தொடர்ந்த ஓடம். நாம் கலங்கியது அதற்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது. வானில் ஒரு ஓடம் போனது; பார்த்துக்கொண்டிருந்தவர்களின் மனத்தில் மூன்று ஓடங்கள் போயின.

புறத்திணை நடத்துகிறவர்களுக்கு இந்த இடத்தில் நடுகல் நினைவுக்கு வராமல் போகாது. கல்லைக் கண்டு தேர்வதில் தொடங்கி, நீராட்டி, நட்டு, வாழ்த்துவது வரை தொல்காப்பியம் அதைப் படிப்படியாகப் பிரித்துவைத்திருக்கிறது. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டம் அப்படிகளின்மேல் எழுப்பப்பட்டதே. செங்குட்டுவன் இமயத்துக் கல்லைக் கனக விசயரின் தலையில் ஏற்றிக் கொண்டுவந்தான். 747இன் முதுகைப் பார்த்தபோது நமக்கு அந்தத் தலைகள்தாம் நினைவுக்கு வந்தன. தொழில் புத்தி போகுமா? நடுகல்லின் சிறப்பு அது வீரனைப் புகழ்வதில் இல்லை. அதைப் பரணியும் உலாவும் இன்னும் விரிவாகவே செய்யும். எந்த ஊர்ப் பூசலில், எந்த ஆநிரையை மீட்கையில், இவன் பட்டான் என்பதைக் கல் சொல்லிவிடுகிறது. இறப்பின் காரணத்தை மறைக்கும் நடுகல் கிடையாது.

அமெரிக்கர்கள் இதில் முதலில் சறுக்கினார்கள். சேலஞ்சரின் மீட்கப்பட்ட பாகங்களைக் கேனவரல் முனையில் கைவிடப்பட்டிருந்த ஏவுகணைக் குழிகளில் இறக்கி மூடினார்கள். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் எவரும் அவற்றைக் காணவில்லை. கொலம்பியா விஷயத்தில் அறிவு வந்திருந்தது: கிழக்கு டெக்சஸின் காடுகளில் பல்லாயிரம் பேர் தேடிச் சேர்த்த 80,000க்கும் மேற்பட்ட துண்டுகளைப் புதைக்காமல் கென்னடி மையத்திலேயே வைத்து ஆய்வாளர்களுக்குக் கொடுத்தார்கள். (அந்தத் தேடலில் ஹெலிகாப்டர் விழுந்து மேலும் இருவர் இறந்ததைச் சொல்பவர்கள் குறைவு.) 2015இல்தான் சேலஞ்சரின் உடற்பகுதியில் ஒரு துண்டும் கொலம்பியாவின் முன் சன்னல்களின் சட்டமும் அங்கே பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. அதே வளாகத்தில், சரக்கறைக் கதவுகளைத் திறந்தபடி, பறப்பதுபோல் சாய்த்து நிறுத்தப்பட்டிருக்கிறது கடைசிப் பயணம் சென்ற அட்லாண்டிஸ். முழு ஓடமும் உடைந்த ஓடங்களின் துண்டுகளும் ஒரே கூரைக்குக் கீழே. இதைச் செய்ய அவர்களுக்கு 29 ஆண்டுகள் ஆயின. ஆனாலும் செய்தார்கள்.

டிஸ்கவரியைப் பெற்ற ஸ்மித்சோனியன் நிறுவனம் இன்னும் ஒரு நல்ல காரியம் செய்தது. அதைக் கழுவவில்லை. புது வண்ணம் பூசவில்லை. 2012 ஏப்ரல் 19 அன்று, வாஷிங்டனுக்கு அருகே வர்ஜீனியாவிலுள்ள அதன் அருங்காட்சியகத்தில், விண்வெளிக்கே போகாத சோதனை ஓடமான எண்டர்பிரைஸும் டிஸ்கவரியும் மூக்கோடு மூக்கு வைத்து நிறுத்தப்பட்டபோது எடுத்த படங்களைப் பார்த்தால் தெரியும். ஒன்று வெள்ளை வெளேரென்று இருக்கிறது; மற்றது அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம்போல் கரியும் கறையுமாக இருக்கிறது. நம் மரபில் கல்லை நீராட்டுவார்கள். இங்கே நீராட்டாமல் விட்டதுதான் மரியாதை. சக்கரங்களின்மேல் நிற்பதால் குனிந்தால் அதன் வயிறும் தெரியும். அன்றைய விழாவில் பேசிய ஜான் க்ளென் ஓடங்களை அவசரப்பட்டு ஓய்வுபெறச் செய்துவிட்டதாகக் குறைப்பட்டார். அவர் நிலையிலிருந்து பார்த்தால் அது நியாயமே. அப்போது தொடங்கி 2020 மே மாதம் வரை அமெரிக்கர்கள் விண்வெளி நிலையத்துக்குப் போக ரஷ்யக் கலங்களில் இடம்பிடிக்க வேண்டியிருந்தது. நமக்கு அதில் உடன்பாடில்லை. 135 பயணங்களில் பதினான்கு பேரை இழந்த ஊர்தியை நிறுத்த இன்னும் காத்திருக்க வேண்டியதில்லை.

எண்டெவரின் வழியனுப்பு விழா வேறு மாதிரி. 2012 செப்டம்பரில் ஹூஸ்டன், டூசான், சான் ஃபிரான்சிஸ்கோ என்று ஊர்வலம் போய் லாஸ் ஏஞ்சலஸில் இறங்கியது. பிறகு விமான நிலையத்திலிருந்து அருங்காட்சியகத்துக்கு 19 கிலோமீட்டர் தெருவழியே இழுத்துச் சென்றார்கள். இறக்கைக்கு வழிவிட ஏறத்தாழ 400 மரங்களை வெட்டினார்கள். வெட்டியதைவிட அதிகமாக நடுவதாக ஒப்பந்தம். நிழல் ஏற்கெனவே குறைந்த தெருக்களில் முதிர்ந்த மரத்துக்குக் கன்று எப்படி ஈடாகும் என்று அங்கிருந்தவர்கள் கேட்டார்கள், சரியான கேள்வி. இறக்கையைக் கழற்றி எடுத்துப் போயிருக்கலாமே என்றதற்கு, கழற்றினால் ஓடம் கெட்டுவிடும் என்ற பதில் வந்தது. இந்தப் பதிலை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

நிற்க. 2011 ஏப்ரலில் எந்த ஓடம் எங்கே போகும் என்று நாசா அறிவித்தபோது ஹூஸ்டன் விடுபட்டது. ஒவ்வொரு பயணத்தையும் கட்டுப்படுத்திய நகரம். வீரர்கள் பயிற்சி பெற்ற, குடியிருந்த, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய நகரம். இறந்தவர்களின் பக்கத்து வீட்டுக்காரர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். கொலம்பியாவின் துண்டுகள் விழுந்ததும் அதே மாநிலத்தில். அவர்களின் மனத்தாங்கலைச் சிறிதாக்க நாம் விரும்பவில்லை. அன்று நாம் முடிவு செய்திருந்தால் ஹூஸ்டனுக்கு ஒன்று கொடுத்திருப்போம்.

ஆனால் 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய பெரும் வரவுசெலவுச் சட்டத்தில், டெக்சஸ் செனட்டர்களின் முயற்சியால், விண்வெளி ஊர்தி ஒன்றை ஹூஸ்டனுக்குக் கொண்டுசெல்ல 8.5 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. சட்டத்தில் பெயர் இல்லை. குறி டிஸ்கவரி என்பதை எவரும் மறைக்கவுமில்லை. ஓடம் தமக்கே உடைமையாக்கப்பட்டது என்று ஸ்மித்சோனியன் வாதிட்டது. கொண்டுபோக வேண்டுமானால் பெருமளவு பிரித்தெடுக்க நேரிடும், சேதம் தவிர்க்க இயலாது, ஒதுக்கிய பணமும் போதாது என்றது.

37 மீட்டர் நீளமுள்ள ஓர் ஓடத்தைப் பிரிப்பதென்றால் முதலில் உரிக்கப்படுவது அந்த ஓடுகள். ஒவ்வொன்றும் தனி வடிவம், தனி எண், 39 முறை நெருப்பில் போய்வந்த நிறம். எந்தப் பயணத்துக்குப் பின் எந்த ஓடு மாற்றப்பட்டது என்பதை அந்த வயிற்றில் இன்றும் படிக்கலாம். புதியது கருமையாகவும் பழையது வெளிறியும் இருக்கும். பிழைத்துவந்த ஓடம் தன் பிழைப்பை எழுதிவைத்திருக்கும் பக்கம் அதுதான். மறுபடி ஒட்டிக் கொடுத்தால் ஹூஸ்டன் பெறுவது டிஸ்கவரியின் வடிவத்தையே. நீதி கேட்பவர்களுக்கு அது நீதியாகாது. கொலம்பியாவின் துண்டுகளைக் காட்டில் குனிந்து குனிந்து பொறுக்கிய மக்களின் பெயரால், உடையாமல் வந்து சேர்ந்த ஒன்றை உடைப்பதா?

ஓடம் ஏற்கெனவே முழுமையாக இல்லையே என்று ஒரு நண்பர் கேட்டார். உண்மைதான். அருங்காட்சியகங்களில் நிற்கும் ஓடங்களின் பின்னால் தெரிபவை உண்மையான எஞ்சின்கள் அல்ல, ஒத்த உருவங்கள். அசல்களை நாசா கழற்றி வைத்துக்கொண்டது. விண்ணோடங்களில் பறந்து திரும்பி, துடைத்து, சோதித்து, மீண்டும் மீண்டும் பறந்த அத்தகைய நான்கு எஞ்சின்கள் 2022 நவம்பர் 16 அன்று ஆர்ட்டெமிஸ் முதற்பயணத்தை ஏவின. வேலை முடிந்ததும் கடலில் விழுந்தன. அந்த இழப்பில் நமக்கு வருத்தம் உண்டு, புகார் இல்லை. அவை தம் தொழிலைச் செய்து முடிந்தன. அறுத்துப் பெட்டியில் அடைத்து அனுப்பப்படுவது எந்த ஓடத்தின் தொழிலும் அன்று.

ஹூஸ்டனிடம் ஒன்றும் இல்லை என்பதும் சரியல்ல. நாசா 905 அங்கேதான் இருக்கிறது. இரட்டையர்களில் மற்றதான 911 கலிஃபோர்னியாவின் பாம்டேலில் காட்சிக்கு நிற்கிறது. இரண்டும் இனி பறக்கா. டிஸ்கவரியை வாஷிங்டனுக்கும், எண்டர்பிரைஸை நியூயார்க்குக்கும், எண்டெவரை லாஸ் ஏஞ்சலஸுக்கும் சுமந்து இறக்கிவிட்டு வந்த அந்த 905இன் முதுகில், 2014 ஆகஸ்ட் முதல் இண்டிபெண்டன்ஸ் என்று பெயர் சூட்டப்பட்ட மாதிரி ஓடம் ஒன்றைப் பொருத்தி வைத்திருக்கிறார்கள். படிக்கட்டு ஏறி இரண்டுக்குள்ளும் சென்று பார்க்கலாம். மாதிரியின் ஓடுகள் ஒருபோதும் சுட்டதில்லை. குறிப்பில் சொன்னபடியே, கறுப்புப் பக்கம் கீழே இருக்கிறது.